பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் பங்கும்

கணவனும் மனைவியும் ஒரு கூரையின்கீழ் ஒற்றுமையாக வாழுங் காலத்திலே, பிள்ளையை வளர்க்குஞ் செலவில் தந்தையின் பங்கு எவ்வளவு, தாயின் பங்கு எவ்வளவு என்று எவரும் கணக்கெழுதி வைப்பதில்லை. தந்தை கொண்டுவரும் அரிசியும் தாய் மூட்டும் அடுப்பும் ஒரே சோறாகிப் பிள்ளையின் கோப்பைக்கு வந்து சேருகின்றன. இருவரும் பிரிந்த அன்றே கணக்குப் பிறக்கிறது. பால்மாவுக்கு யார் கொடுப்பது? பாடசாலைச் சப்பாத்துக்கு யார் கொடுப்பது? காய்ச்சல் கண்ட இரவிலே மருந்துக்கு யார் ஓடுவது? பெரியவர்களின் மனஸ்தாபம் பெரியவர்களோடு நிற்பதில்லை. அது பிள்ளையின் வயிற்றையும் படிப்பையும் தொட்டுவிடுகிறது.

நேயர்களே, இந்த வினா நம் காலத்திலே புதிதாகத் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்தின் தென்மேற்குக் கடலிலே கிடக்கும் தீவுகளில் வாழ்ந்த நம் முன்னோர் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார்கள். அவ்விடை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்திலும் ஏறிவிட்டது. அது எத்தகையது, எங்கே நிறைவுற்றது, எங்கே குறைபட்டது, பின்வந்த சட்டங்கள் அக்குறையை எவ்வாறு நிரப்ப முயன்றன என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர் என்னும் பெயர்களை அறியாத தமிழர் நம்மிற் குறைவு. 1658 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. இவற்றுள் டெல்ஃப்ட் என்ற பெயர் மாத்திரம் ஆங்கில எழுத்தில் இன்றும் பெருவழக்காக நிலைத்திருக்கிறது.

இத்தீவுகளின் வாழ்க்கை முறையிலே இரண்டு இயல்புகளை நாம் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். ஒன்று, ஆண்மக்கள் வீட்டைவிட்டு வெளியே சென்று பொருள் தேடுவது. கடற்றொழில் ஒருபுறம் இருக்க, புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடைவைத்து வணிகஞ் செய்து பெயர் பெற்றவர்கள். மற்றொன்று, வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் சீதனமாக இருப்பது. மணமகன் பெண்ணின் சீதன வீட்டுக்குக் குடிவருவதே யாழ்ப்பாணத்தில் பரந்துபட்ட வழக்கமாகும். ஆகவே குடும்பத்திலே பிளவு நேர்ந்தால், வீட்டைவிட்டு வெளியேறுபவன் கணவன். பிள்ளைகள் தாயோடும் அம்மம்மாவோடும் அந்த வளவிலேயே இருந்துவிடுவார்கள். இந்த நிலைமையை நினைவில் வைத்துக்கொண்டாற்றான் பழைய வழமையின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

அந்த வழமைக்குத் தேசவழமை என்று பெயர். 1706 ஆம் ஆண்டிலே இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த கோர்னேலிஸ் யோவான் சீமொன்ஸ் என்பவர், யாழ்ப்பாணத்து மக்களின் வழக்காறுகளைத் தொகுத்தெழுதுமாறு கட்டளையிட்டார். அப்பணியை ஏற்றவர் யாழ்ப்பாணத்தின் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டிலே வாழ்ந்து, மக்களின் வழக்குகளைக் கேட்டுப் பழகியவர் அவர். 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய தொகுப்பு முடிவுற்றது. அதனைத் தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரு முதலியார்களிடம் கொடுத்து, அவர்கள் வாசித்து ஒப்புக்கொண்ட பின்னரே ஒல்லாந்தர் அதனை நீதிமன்றங்களில் வழங்கினர். ஆங்கிலேயர் ஆட்சி வந்ததும் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். மிகப் பல திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

தேசவழமை சொத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கணவன் தன் முன்னோர் வழியாகப் பெற்று மணவாழ்க்கைக்குக் கொண்டுவருவது முதுசொம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் கூடிவாழுங் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். இப்பிரிவினையை வெறும் வாரிசுக் கணக்கு என்று பலர் எண்ணுகின்றனர். பிள்ளை வளர்ப்பின் செலவு எந்தப் பெட்டியிலிருந்து வரவேண்டும் என்பதற்கும் இதுவே அடிப்படையாய் இருந்தது.

கணவனும் மனைவியும் மனவேறுபாட்டினாற் பிரிந்திருப்பதைப் பற்றித் தேசவழமை வெளிப்படையாகவே பேசுகிறது. நன்கொடை பற்றிய பகுதியிலே அச்செய்தி வருகிறது. இவ்வாறு பிரிந்து வாழும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கம் நின்று அவளோடு தங்கிவிடுவது வழக்கம் என்று அது முதலிற் குறிக்கிறது. பின்பு, அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் பிறருக்குக் கொடுக்கக் கணவனுக்கு உரிமையில்லை என்று கூறுகிறது. ஒற்றுமையாக வாழுங் காலத்தில் அவன் அதில் ஒரு சிறு பகுதியைக் கொடுக்கலாம். பிரிந்த பின்னர் அதுவும் இயலாது. தன் முதுசொத்திலும் தன் தேட்டத்திலுங்கூட, மனைவி மக்களின் சம்மதமின்றிப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவன் நன்கொடையாக வழங்க முடியாது.

இவ்விதியின் நுட்பத்தைச் சற்றே நிதானித்துப் பார்ப்போம். குற்றம் யாருடையது, சண்டையைத் தொடங்கியவர் யார் என்றெல்லாம் அது கேட்கவில்லை. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தது. அவர்கள் இருக்கும் இடத்துச் சொத்துக்குக் காவல் போட்டது. தாயின் வளவிலே நிற்கும் பனைகளும், அவளுடைய தோட்டத்துக் கிணறும், அவளுடைய நகையும் பிள்ளைகளின் சோறாகும். கோபத்திலே வெளியேறிய தந்தை அவற்றை அழித்துவிடக் கூடாது. தந்தையின் சொத்தும் அவனுடைய விருப்பப்படி முழுதும் கரைந்துபோகக் கூடாது. அதிலும் பிள்ளைகளுக்கு நாளை ஒரு பங்கு உண்டு. அக்காலத்தின் எல்லைக்குள் நின்று செய்யக்கூடிய காவல் இதுவே.

இன்னொரு விதி இதனினும் தெளிவானது. தாய் இறந்து, தந்தை மறுமணஞ் செய்தால் பிள்ளைகளின் கதி என்ன? மறுமணஞ் செய்யும்வரை சொத்து முழுவதும் தந்தையின் கையில் இருக்கும். அவன் பிள்ளைகளை வளர்ப்பான். மறுமணஞ் செய்வானாயின், பிள்ளைகளைப் பாட்டன், அல்லது பெரும்பாலும் பாட்டி, அல்லது நெருங்கிய சுற்றத்தார் பொறுப்பேற்று வளர்ப்பர். அவ்வாறு பிள்ளைகளை ஒப்படைக்கும் அதே வேளையில், இறந்த மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும், முதல் மணவாழ்க்கையில் ஈட்டிய தேட்டத்திற் பாதியையும் தந்தை அவர்களோடு ஒப்படைக்க வேண்டும். ‘அதே வேளையில்’ என்பதே இவ்விதியின் உயிர்நிலை. பிள்ளையை இன்று கொடுத்துச் சொத்தை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல இடமில்லை. பிள்ளை படலையைத் தாண்டும்போது பிள்ளையின் பங்கும் கூடவே தாண்டவேண்டும்.

தந்தை முதலில் இறந்தாலும் நெறி இதனையே ஒத்தது. பிள்ளைகளைத் தன்னோடு வைத்து வளர்க்குந் தாயின் கையிலே சொத்து முழுவதும் இருக்கும். பெண்மக்களுக்கு மணம் முடித்துச் சீதனம் கொடுப்பதும் அவள் கடன். சுருங்கக் கூறின், வளர்ப்பவர் கையிலே பொருள் இருக்கவேண்டும் என்பதே தேசவழமை கண்ட நீதி.

பழமையைப் போற்றுவது வேறு. அதனைக் குறையற்றதென்று எண்ணுவது வேறு. இந்த நீதிக்கு எல்லைகள் இருந்தன. முதலாவது, சொத்துள்ள குடும்பத்துக்கே இது பயன்பட்டது. முதுசொமும் சீதனமும் இல்லாத கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இவ்விதிகளிலிருந்து ஒருவேளைச் சோறும் கிடையாது. இரண்டாவது, அதே தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. அங்கே அடிமைப் பெண்ணின் பிள்ளை அவளுடைய ஆண்டானுக்கு உரியதாகக் கருதப்பட்டது. 1844 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்றாவது, எழுதியவரும் ஒப்புக்கொண்ட பன்னிருவரும் ஆண்களே. தாய்மாரிடம் எவரும் கேட்டெழுதவில்லை. நான்காவது, சொத்தைக் காக்கத் தெரிந்த வழமைக்கு மாதச் செலவைப் பங்கிடத் தெரியவில்லை. வயலும் வளவும் உணவளித்த காலத்தில் அது பெருங்குறையாகத் தோன்றியிராது. தந்தையின் வருவாய் சம்பளமாகவும் கடை இலாபமாகவும் மாறியபோது, அக்குறை பெரிதாயிற்று.

இக்குறையை நிரப்ப ஆங்கிலேயர் கொண்டுவந்த முதல் மருந்து கடுமையானது. 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைவோர் கட்டளைச் சட்டம், மனைவி மக்களைப் பராமரிக்காது விட்டவனைச் சோம்பேறிகளோடும் ஊர்சுற்றிகளோடும் சேர்த்துத் தண்டித்தது. தண்டனையினால் தந்தை சிறைக்குப் போனான். பிள்ளைக்குச் சோறு வந்ததா என்பது வேறு கேள்வி. 1889 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டமே பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்த்தது. போதிய வசதி இருந்தும் மனைவியையோ, தன்னைத்தான் பராமரிக்க இயலாத பிள்ளையையோ கைவிட்ட ஒருவனை மாதந்தோறும் பணங் கட்டுமாறு நீதவான் கட்டளையிடலாம் என்று அச்சட்டம் விதித்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அவ்வுரிமையை அது வழங்கியது. பிறர் வசவுக்கு ஆளான ஒரு குழந்தைக்கும் வயிறு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று.

அச்சட்டத்தில் மற்றுமொரு நன்மையும் இருந்தது. ஒழுக்கந் தவறிய மனைவி தனக்குரிய தாபரிப்பை இழக்கக்கூடும். பிள்ளையின் தாபரிப்பு அதனால் அழிவதில்லை. தாயின் பிழைக்காகப் பிள்ளையைப் பட்டினி போடலாகாது என்ற நெறி அங்கே வேரூன்றியது. ஆயினும் சுமை முழுவதையும் அச்சட்டம் ஆணின் தோளிலேயே ஏற்றிற்று. நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டமோ, பிள்ளையைப் பராமரிக்கும் கடமை தாய் தந்தை இருவருக்கும் அவரவர் வசதிக்கேற்ப உண்டென்று கூறுவது. அந்த நெறி தாபரிப்புச் சட்டத்தின் எழுத்திலே இடம்பெற மேலும் நூறாண்டுகளுக்கு மேற் சென்றன.

இடையிலே 1911 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றிய 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணி வீட்டைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற கட்டு அதில் உள்ளது. பிரிந்துபோன கணவனின் கையெழுத்துக்காகத் தாய் காத்திருக்க, பிள்ளையின் படிப்பும் மருந்தும் காத்திருக்குமா? இந்த இடர்ப்பாட்டை முன்னுணர்ந்தே அச்சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. கணவன் கைவிட்டிருந்தாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்திருந்தாலோ, அவன் இருக்குமிடம் தெரியாதிருந்தாலோ, மனைவியின் அல்லது பிள்ளைகளின் நன்மை அதனை வேண்டினாலோ, மாவட்ட நீதிமன்றம் கணவனின் சம்மதத்துக்குப் பதிலாகத் தன் அனுமதியை வழங்கலாம். அன்று பிள்ளைக்காகப் போடப்பட்ட காவலை, பிள்ளைக்காகவே தளர்த்தும் அதிகாரம் இதனால் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது.

தீவுப் பகுதிக்கு மிக நெருக்கமான வேறொரு சிக்கல், கடல்கடந்த தந்தையினுடையது. மலாயாவுக்கு உத்தியோகம் தேடிப் போனவர்களும், பிற்காலத்தில் போரினாற் சிதறி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் நம் ஊர்களில் ஏராளம். பெரும்பாலோர் குடும்பத்தை மறவாமற் பணம் அனுப்பினர். மறந்தவர்களை என் செய்வது? 1921 ஆம் ஆண்டின் ஒரு கட்டளைச் சட்டம், இங்கே பிறந்த தாபரிப்புக் கட்டளையை இங்கிலாந்திலும் பிற பிரித்தானிய நாடுகளிலும் நிறைவேற்ற வழிசெய்தது. 1956 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் உருவான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, வெளிநாட்டிலிருப்பவரிடமிருந்து தாபரிப்பைப் பெறுவதற்கான பொதுவழியை வகுத்தது. இலங்கை 1958 ஆம் ஆண்டிலேயே அதில் இணைந்தது. பிள்ளையின் உரிமை கடலைத் தாண்டிச் செல்லும் என்பதற்கு இவை சான்று. நடைமுறையிலோ, தந்தையின் விலாசத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே பல தாய்மாரின் வலிமை தீர்ந்துவிடுகிறது.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் 1889 ஆம் ஆண்டின் சட்டத்தை அகற்றி அதன் இடத்தைப் பெற்றது. அதன் பெருமை ஒரே சொல்லில் அடங்கும்: ‘பெற்றோர்’. வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத பெற்றோர், தந்தையாயினும் தாயாயினும், பணங் கட்டுமாறு கட்டளையிடப்படலாம். தொகையை நிர்ணயிக்கும்போது நீதவான் பெற்றோரின் வருமானத்தையும், பிள்ளையின் வசதியையும் சூழ்நிலையையும் நோக்கவேண்டும். பதினெட்டு வயதோடு கதவை மூடாமல், பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட மக்களும், உடல் அல்லது உளக் குறைபாடுடைய மக்களும் தாபரிப்புக் கோர அது இடமளிக்கிறது. கட்டத் தவறுபவரின் சம்பளத்திலிருந்தே பணத்தை அறவிடவும் வழியுண்டு.

வருமானத்தை நோக்குவது என்றாற் பொருள் யாது? ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு மாதம் 40,000 ரூபா செலவு என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் வருமானம் 120,000. தாயின் வருமானம் 40,000. இருவரும் ஆளுக்குப் பாதி என்று 20,000 கொடுத்தால் அது சமமாகத் தோன்றும். ஆனால் தாய் தன் வருமானத்திற் பாதியை இழக்கிறாள். தந்தை தன் வருமானத்தில் ஆறிலொரு பங்கையே கொடுக்கிறான். வருமானத்துக்கேற்ப மூன்றுக்கு ஒன்று என்று பங்கிட்டால் தந்தை 30,000, தாய் 10,000 கொடுக்கவேண்டும். அப்போது ஒவ்வொருவரும் தம் வருமானத்தில் நாலிலொரு பங்கைக் கொடுக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய கணக்கே கைக்கொள்ளப்படுகிறது. இங்கிலாந்து 1991 ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஒரு சூத்திரத்தை ஏற்படுத்தியது. நம் நாட்டிலே சூத்திரம் இல்லை. நீதவானின் நிதானமே அளவுகோல்.

எந்தச் சூத்திரத்திலும் எளிதில் அகப்படாத செலவு ஒன்று உண்டு. அது பிள்ளையோடு இருப்பவரின் உழைப்பு. விடியலில் எழுப்புவதும், சமைப்பதும், பாடசாலைக்கு அழைத்துச் செல்வதும், நோயில் விழித்திருப்பதும் பணமாகக் கையில் வருவதில்லை. ஆனால் அவற்றாலேயே தாய் முழுநாள் வேலைக்குப் போக முடியாமற் போகிறது. தீவிலே இச்சுமை இரட்டிக்கிறது. நெடுந்தீவுத் தாய் ஒருத்தி தாபரிப்பு வழக்குக்காக ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்கு வரவேண்டுமாயின், குறிகட்டுவான் துறைவரை ஒரு மணி நேரமளவு கடலிற் பயணஞ் செய்து, அங்கிருந்து தரைவழியே போகவேண்டும். கடல் கொந்தளித்தால் தவணை தவறும். பிள்ளையை யாரிடம் விடுவது, அன்றைய கூலியை யார் தருவது என்ற கேள்விகளும் கூடவே பயணஞ் செய்கின்றன. அந்தப் படகுப் பயணமும் பிள்ளை வளர்ப்பின் செலவே. பங்கைப் பேசுவோர் அதனையும் பேசவேண்டும்.

இருபக்கமும் சொல்லத்தக்க நியாயம் உண்டு. பிள்ளையை என் கண்ணிற் காட்டாதவளுக்கு நான் ஏன் பணம் அனுப்பவேண்டும் என்று கேட்கும் தந்தையரை நாம் அறிவோம். பிள்ளையைக் காணும் ஆசை இயற்கையானது. அதனைக் காரணமின்றித் தடுப்பது தாய்க்கும் அழகன்று. ஆனால் பணம் தாய்க்கு அனுப்பப்படுவதன்று; அவள் கைவழியே பிள்ளைக்கு அனுப்பப்படுவது. காண்பதற்குரிய வழக்கை வேறாக நடத்தலாம். உண்பதற்குரிய பங்கை நிறுத்தலாகாது. 1989 ஆம் ஆண்டிலே நிறைவேறி, 1991 ஆம் ஆண்டிலே இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையும், பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு தாய் தந்தை இருவருக்கும் பொதுவென்று வற்புறுத்துகிறது.

வழக்குக்குப் போகுமுன் ஊர்ப் பெரியவர்களும் இருவரின் பெற்றோரும் கூடியிருந்து பேசுவது தீவுகளில் உண்டு. அவ்வாறு பேசுவோர் சில காரியங்களைக் கருத்திற் கொண்டால் நலம் விளையும். முதலிலே பிள்ளையின் உண்மையான மாதச் செலவை எழுதுங்கள். உணவு, உடை, படிப்பு, மருந்து, போக்குவரத்து எல்லாம் அதில் அடங்கட்டும். பின்பு இருவரின் வருமானத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பிள்ளையோடு இருப்பவரின் உழைப்பையும் ஒரு பங்காக மதியுங்கள். விலைவாசி ஏறும்போதும் பிள்ளை வளரும்போதும் தொகையை மீண்டும் பார்க்க ஒரு காலத்தைக் குறியுங்கள். முடிவை எழுத்தில் வையுங்கள். வாய்ச்சொல் அடுத்த சண்டையோடு போய்விடும்.

தேசவழமையை எழுதிய ஒல்லாந்தரும், ஒப்பமிட்ட முதலியார்களும், அவர்கள் காத்த சொத்து முறையும் காலத்தோடு போய்விட்டன. அவர்கள் கண்ட ஒரு நெறி மாத்திரம் இன்றும் பயன்படக்கூடியது. பிள்ளையை வளர்ப்பவர் கையிலே, பிள்ளை வந்துசேரும் அதே வேளையில், பிள்ளைக்குரிய பொருளும் வந்துசேர வேண்டும். அன்று அது சீதனக் காணியாகவும் தேட்டத்திற் பாதியாகவும் இருந்தது; இன்று அது மாதந்தோறும் தவறாது வரும் பணமாகவும், பகிர்ந்துகொண்ட உழைப்பாகவும் இருக்கவேண்டும். கணவன் மனைவி என்ற உறவை மனிதர் முறித்துக்கொள்ளலாம். தாய் தந்தை என்ற உறவுக்கு அவ்வாறு முறிவு இல்லை.